மடித்துக் கட்டுவதும் இறக்கி விடுவதும்: அன்றாட வேட்டி குறித்துச் சில விளக்கங்கள்

1

காளப்பநாயக்கன்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில், முகூர்த்தமோ பண்டிகையோ இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, முப்பதுகளில் இருக்கும் ஓர் ஆள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றால் அவனிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: 'என்னங்க, விசேஷமுங்களா?'

நான் தினமும் வேட்டி கட்ட ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. முதல் சில மாதங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனேன். 'விசேஷம் ஒண்ணுமில்லீங்க' என்ற பதிலை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. கேட்டவர்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார்கள். சொந்தத்துல கல்யாணமா? கட்சியில சேந்துட்டீங்களா? கோயிலுக்கா? நான் படித்தது தமிழ் எம்.ஏ. என்று தெரிந்த ஒருவர் மட்டும் முகம் தெளிந்து, 'ஓ, தமிழய்யாவா, அதான பாத்தேன்' என்றார். அவருக்கு மனக்குறை தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை.

உடையை ஒரு மொழியாக வாசிக்கலாம் என்று ரோலான் பார்த் முதலானோர் சொன்னது நமக்குப் பழகிப்போன செய்தி. அந்த வாசிப்பில் ஒரு விஷயம் முக்கியமானது. எல்லாரும் உடுத்தும் உடை எதையும் சொல்வதில்லை. அதிலிருந்து விலகிய உடைதான் பேச ஆரம்பிக்கிறது. பேண்ட் போட்டவனை யாரும் 'என்ன விசேஷம்' என்று கேட்பதில்லை. என் தாத்தா காலத்தில் இந்தத் தெருவில் பேண்ட்தான் குறி. வேட்டி வெறும் துணி. இரண்டு தலைமுறைக்குள் இடம் மாறிவிட்டது. இன்றைக்கு வேட்டி கட்டிய நடுவயதுக்குக் கீழான ஆண், மணமகன், கட்சிக்காரன், பக்தன், தமிழாசிரியன் என்ற நான்கு சொற்களில் ஏதாவது ஒன்றாக வாசிக்கப்படுகிறான். ஐந்தாவதாக, சும்மா ஒரு ஆளாக இருப்பதற்கு அவனுக்கு அனுமதியில்லை.

வேட்டியை அன்றாடம் கட்டுவதற்குத் தைரியம் வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 'உனக்கு இருக்குப்பா, எனக்கில்ல.' தைரியம் என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. அதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு பயங்கள் இருக்கின்றன. முதலாவது துணியைப் பற்றியது, இரண்டாவது வாசலைப் பற்றியது. மூன்றாவதைப் பற்றிப் பேச எனக்கே இத்தனை நாளாயிற்று.

2

முதல் பயம் எளிமையானது: அவுந்துருமோ?

ஸ்காட்லாந்துக்காரர்களின் கில்ட்டும் ஆணுடைய இடுப்பில் சுற்றப்படும் துணிதான். அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகும் ஆணிடம் சலிக்காமல் கேட்கப்படும் கேள்வி, உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்பது. நம்மூரில் கேள்வி அவிழ்வதைப் பற்றியது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றேதான். தைக்கப்படாத, கால் பிரியாத உடையில் ஆணுடல் பத்திரமாக இல்லை என்ற எண்ணம். பெண்களுக்குச் சேலையில் அந்தப் பத்திரமின்மை விதிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மாஸ் 1934-இல் ஆற்றிய ஓர் உரையில், நடப்பது, நீந்துவது, உட்காருவது எல்லாம் இயற்கையல்ல, ஒவ்வொரு சமூகமும் தன் உடல்களுக்குக் கற்றுக்கொடுத்த உத்திகள் என்று விளக்கினார். என் உடல் கற்றது பேண்ட். அகல எட்டு வைப்பது, மொபெட்டாக இல்லாத வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது, பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நிற்பது எல்லாம் பேண்ட் கற்றுக்கொடுத்த அசைவுகள். வேட்டி கட்டிய முதல் வாரத்தில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தேன். என் தாத்தாவுக்கு அந்தத் தவிப்பு இருந்திருக்காது. அவர் கை தானாக வேட்டி நுனிக்குப் போகும்.

ஆகவே இது கற்க வேண்டிய காரியம், கற்கக்கூடிய காரியம். சொல்லித் தருகிறேன்.

நாலு முழ வேட்டி ஒற்றைச் சுற்று. வெயிலில் கால் நிழலாடும். வெளியே போக எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டுவதே வழக்கம். துணியை இடுப்புக்குப் பின்னால் விரித்துப் பிடித்து, இரண்டு நுனியையும் முன்னால் இழுத்து, உள் நுனியை எதிர் இடுப்பில் இறுகச் செருகி, வயிற்றைக் கொஞ்சம் எக்கிக்கொண்டு வெளி நுனியை அதன்மேல் கொண்டுவந்து செருகி, விளிம்பை ஒரு சுருட்டுச் சுருட்டினால் முடிந்தது. வயிற்றை விடும்போது துணி தானே இறுகும். புது வேட்டி மொடமொடப்பில் வழுக்கும். நாலு சலவை கண்ட பருத்தி பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் கலந்தது எப்போதும் நழுவும். முதல் வேட்டி நழுவினால் அது உங்கள் குற்றமல்ல, நூலின் குற்றம்.

பயம் தீராதவர்களுக்குப் பெல்ட் இருக்கிறது. பை வைத்த அகலமான பச்சை பெல்ட்டைச் சந்தையில் மாட்டு வியாபாரிகள் இடுப்பில் பார்த்திருப்பீர்கள். கில்ட்டிலும் பாக்கெட் கிடையாது. அதற்காக முன்னால் ஒரு தோல்பையைத் தொங்கவிடுகிறார்கள். உலகெங்கும் பாக்கெட் இல்லாத ஆணுடை இப்படி ஏதோ ஒரு பையைப் பெற்றெடுத்திருக்கிறது. இப்போது ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டியும் வந்துவிட்டது. நானும் ஒரு மாதம் அதைத்தான் கட்டினேன், இல்லை, ஒட்டினேன். சைக்கிள் ஓட்டப் பழகும்போது யாராவது பின்னால் பிடித்துக்கொள்வதைப்போல அது. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நாள் விட்டுவிடுவார்கள்.

பிறகு படிப்படியாகப் போக வேண்டும். வீட்டுக்குள், டீக்கடை வரைக்கும், சந்தைக்கு, பேருந்தில், கடைசியாக வேலை செய்யும் இடத்தில். பேருந்தில் ஏறும்போது இடது கையில் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்னால் ஏறுபவர் மிதிப்பார். ஆடி மாதத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் அடிக்கிற காற்றுக்கு இரண்டு நுனியும் கையில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் கை தானாகப் போகும். அதற்குப் பிறகு முதல் பயம் என்பது கிடையாது. இதை யாரும் பெறலாம். ஆனால் பெற்ற பிறகுதான் தெரிகிறது, பயத்தின் பெரும்பகுதி துணியில் இல்லை என்று.

3

இரண்டாவது பயம் வாசலைப் பற்றியது. உள்ளே விடுவார்களா?

2014 ஜூலை 11 அன்று, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போனார். வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. மூத்த வழக்கறிஞர்களும் இதேபோலத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து மன்றங்களின் உடை விதி, வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருடம் கழித்தும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. சட்டமன்றத்தில் கொதிப்பு எழுந்தது. அடுத்த மாதமே, ஜெயலலிதா அரசு, பொது இடங்களில் உடை காரணமாக நுழைவு மறுப்பதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்ப் பண்பாட்டைப் பிரதிபலிக்கும் வேட்டியையோ வேறு இந்திய மரபுடையையோ அணிந்தவரை மன்றங்கள் தடுக்கக் கூடாது. தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

இந்தச் சட்டம் தேவையான சட்டம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. ஆனால் உடையைப் பற்றிய சட்டங்கள் உடையை என்ன செய்கின்றன என்பதைக் கில்ட்டின் கதை காட்டுகிறது. 1745-இல் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் பிரிட்டிஷ் பாராளுமன்றம் மலைநாட்டு ஆணுடையைத் தடைசெய்தது. 1747 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தடை 1782-இல்தான் நீக்கப்பட்டது. இடையில் அரசின் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் மட்டும் அதை அணியலாம். ஒரு தலைமுறை கழிந்து தடை நீங்கியபோது சாதாரண மலைநாட்டான் வேறு உடைக்குப் போய்விட்டிருந்தான். கனவான்கள்தான் அதை எடுத்துக்கொண்டார்கள். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய விழாவில், தடைசெய்த அரச வம்சத்தின் வாரிசே கில்ட் உடுத்தி நின்றார். இப்போதைய வடிவிலான குட்டைக் கில்ட்டை உருவாக்கியவர் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி என்று ஹியூ டிரெவர்-ரோப்பர் வாதிட்டார். ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983-இல் தொகுத்த, மரபுகள் கண்டுபிடிக்கப்படுவதைப் பற்றிய நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. அவரோடு முரண்படுபவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: தடை, விடுதலை, கொண்டாட்டம் என்ற மூன்று கட்டங்களையும் தாண்டி வந்த பிறகு கில்ட் கல்யாணத்துக்கும் விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் உரிய உடையாகிவிட்டது. பண்பாட்டுக்கு அடையாளமாக ஆனது, அன்றாடத்திலிருந்து விலகியது. ஆகவேதான் அதை வெறும் செவ்வாய்க்கிழமையில் உடுத்துகிறவனுக்கு இன்று தைரியம் தேவைப்படுகிறது.

வேட்டிக்கும் அதே பாதை போடப்பட்டுவிட்டது. கோ-ஆப்டெக்ஸின் ஜனவரி மாத வேட்டி தினம், பொங்கலுக்கு முந்தைய நாள் அலுவலகங்களில் வேட்டியோடு எடுக்கும் குழுப் படம், செம்மேட்டில் ஆடி மாத வல்வில் ஓரி விழாவில் வரிசையாக வெள்ளை வேட்டிகள். தினம் என்று ஒன்று வந்துவிட்டால் மற்ற தினங்களில் அது இல்லை என்று அர்த்தம்.

சட்டம் வாசலைத் திறக்கிறது. வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர் நேர்காணலுக்குப் போனேன். உள்ளே விட்டார்கள், உட்காரச் சொன்னார்கள், காப்பியும் கொடுத்தார்கள். சங்க இலக்கியத்திலிருந்து இரண்டு கேள்வி கேட்டபின், 'வேலைக்கு வந்தா பேண்ட்தானே சார் போடுவீங்க? பசங்க மதிக்க மாட்டாங்க' என்றார் ஒருவர். நான் வேட்டிதான் என்றேன். பிறகு அங்கிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. நுழைவு மறுக்கப்படவில்லை என்பதால் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. தமிழ் சொல்லித்தரும் ஆள் தமிழ்ப் பண்பாட்டைப் பிரதிபலிக்கும் உடையில் வந்தால் மதிப்புக் குறையும் என்று நம்பும் ஓர் இடத்தில் வேலை கிடைக்காததற்காக நான் அழவில்லை. ஆனால் கடன் இருக்கும் ஒருவன் அந்தக் கேள்விக்கு 'பேண்ட்தாங்க' என்று சொல்லியிருப்பான். அவனைத் தைரியமில்லாதவன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

4

இதுவரை வேட்டியைப் பற்றியே பேசினேன். கைலியைப் பற்றிப் பேசவில்லை. சட்டமும் அப்படித்தான்: வேட்டியைப் பெயர் சொல்லி அழைக்கிறது, கைலியின் பெயரை எடுப்பதில்லை. அடுத்த வருடமே இந்த மௌனம் வாய்திறந்தது. 2015-இன் இறுதியில் மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் ஓர் உத்தரவு, கோயில்களில் ஆண்களுக்கு உரிய உடை எது, ஆகாத உடை எது என்று வகுத்தது. உரியதில் வேட்டி இருந்தது. ஆகாததில் ஜீன்ஸ், அரைக்கால் சட்டை இவற்றோடு லுங்கியும் இருந்தது. 2016-இல் அந்த உத்தரவு மேல் அமர்வில் நிற்காமல் போனாலும் வகைப்பாடு நம் மனதில் முன்பே இருந்த ஒன்றுதான்.

வேட்டிக்கும் கைலிக்கும் நெசவில் பெரிய தூரமில்லை. ஒன்று வெள்ளை, திறந்த நுனிகள். மற்றது கட்டமோ கோடோ போட்ட வண்ணம், நுனிகள் மூட்டியது. இரண்டும் எங்கள் பக்கத்துத் தறிகளிலிருந்தே வருகின்றன. இதே நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையமும் பள்ளிபாளையமும் லுங்கிக்குப் பேர்போனவை. வித்தியாசம் அழுக்கில் இருக்கிறது. வெள்ளை அழுக்கைக் காட்டும். ஆகவே மண்ணையும் எண்ணெயையும் தொடாதவன் என்று காட்ட அது உதவும். 'வெள்ளையும் சொள்ளையுமாத் திரியறான்' என்ற ஏச்சு வெறும் துணியைப் பற்றியதல்ல. கைலி அழுக்கை மறைக்கும். அதனால் அது வேலையின் துணி.

என் அப்பா லாரி ஓட்டினார். முப்பது வருடம் கைலிதான். எஞ்சின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்து, ஒரு ராத்திரியில் மூன்று ஜில்லா தாண்டுகிறவனுக்கு அதைவிட நல்ல உடை கிடையாது. அவர் கேபினில் ஒரு காக்கி பேண்ட் ஆணியில் தொங்கும். சோதனைச் சாவடி நெருங்கும்போது கைலிக்கு மேலேயே அதை மாட்டிக்கொள்வார், தாண்டியதும் கழற்றிவிடுவார். சின்ன வயதில் ஒருமுறை கூடப் போனபோது அதைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் பயத்துக்கு வரலாறு உண்டு. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் சிவசேனை தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளப்பிய முழக்கம் லுங்கியை விரட்டச் சொன்னது. ஆளுக்குப் பதில் அவன் உடையைச் சொன்னார்கள். அடி விழுந்தது ஆள் மேல். 2019 செப்டம்பரில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், உத்தரப் பிரதேசத்தில் லுங்கி கட்டிய லாரி ஓட்டுநருக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று செய்திகள் வந்தன. அப்படி ஒரு விதி அந்தச் சட்டத்தில் இல்லை என்று ஒன்றிய அமைச்சர் அலுவலகம் மறுத்தது. மறுப்பு வருவதற்குள் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் அதுதான் பேச்சு. அந்த மாதம் எந்தச் சட்டமன்றமும் கொதிக்கவில்லை.

கைலியில் இயல்பாகவே ஒரு மரியாதைக் குறைவு இருக்கிறதா? மியான்மரைப் பாருங்கள். அங்கே லோஞ்சி என்ற இதே மூட்டிய துணியோடு ஆண்கள் அலுவலகத்துக்குப் போகிறார்கள். பள்ளிச் சிறுவர்களின் சீருடையே பச்சை லோஞ்சி, வெள்ளைச் சட்டைதான். வங்காள விரிகுடாவின் அந்தக் கரையில் மரியாதையாக இருக்கும் துணி இந்தக் கரையில் மரியாதைக் குறைவாகிறது என்றால் குறை துணியில் இல்லை. நம்மூரில் பகலில் கைலியோடு தெருவில் நிற்கும் ஆணிடம் கேட்கப்படும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். வேலைக்குப் போகலையா? ஒடம்பு சரியில்லையா? வேட்டி கட்டியவனிடம் காரணத்தைக் கேட்கிறார்கள். கைலி கட்டியவனிடம் குறையைக் கேட்கிறார்கள்.

5

மூன்றாவது பயத்தைப் புரிந்துகொள்ள, முழங்காலைப் பற்றிய இரண்டு செய்திகளை அருகருகே வைக்க வேண்டும்.

1921 செப்டம்பர் 22, மதுரை. அதுவரை முழு உடை உடுத்திய காந்தி அன்றுதான் முழங்காலுக்கு மேல் நிற்கும் ஒற்றை ஆடைக்கு மாறினார். இதற்கு முன் இரண்டு முறை, பாரிசாலிலும், வால்டேரில் முகமது அலி கைதானபோதும், இந்த எண்ணம் தமக்கு வந்ததாகவும் தயங்கியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். மதுரையிலும் அக்டோபர் 31 வரைக்கும் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். மூன்று முறை யோசித்து, தவணை வைத்து உடை மாற்றிய அந்தக் காந்தி எனக்கு மிகவும் நெருக்கமானவர். பத்து வருடம் கழித்து, 1931-இல், அதே உடையோடு பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னரைச் சந்தித்தார்.

1930 டிசம்பர், பக்கத்து ராமநாதபுரம் ஜில்லா. ஆதிதிராவிடர்கள் மேல் கள்ளர்கள் எட்டுத் தடைகளை விதித்ததாக, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் பதிவு செய்கிறார். அவற்றில் ஒன்று, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கட்டக் கூடாது என்பது. சட்டை, பனியன் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

துணியின் நீளம் ஒன்றே. இடைவெளி ஒன்பது வருடம், ஒரு ஜில்லா எல்லை. ஓரிடத்தில் அது துறவு, இன்னோரிடத்தில் அது தண்டனை. இறக்கிக் கட்ட முடிந்தவன் ஏற்றிக் கட்டும்போது அவன் மகாத்மா. ஏற்றிக் கட்ட விதிக்கப்பட்டவன் இறக்கிக் கட்டினால் அது திமிர். அம்பேத்கர் ஏன் கோட்டும் சூட்டும் போட்டார் என்று கேட்பவர்கள் இந்த முழங்காலிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்.

மடித்துக் கட்டுவது என்ற நம்மூர்ப் பழக்கத்துக்கும் இலக்கணம் உண்டு. வேலைக்கும் வேகமாக நடப்பதற்கும் சண்டைக்கும் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுகிறோம். பெரியவர் எதிரே வந்தால் மடிப்பை இறக்கி விடுகிறோம். 'வாங்க' என்று வாய் சொல்வதற்கு முன்பே கை அதைச் சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நான் இறக்கி விட்டிருக்கிறேன். அது வயதுக்குத் தரும் மரியாதை, அழகான பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். யாருக்கு யார் இறக்கினார்கள் என்ற முழுக் கணக்கை எனக்குச் சொன்னது காலனியிலிருந்து என்னோடு படித்த நண்பன். அவன் தாத்தா ஊர்த்தெருவைத் தாண்டும்போது பத்து வயசுப் பையனுக்கும் இறக்கி விடுவாராம்.

வேட்டியை மீட்பது பற்றி நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அவன் சொன்னான்: 'நீ கட்டுனா பண்பாடும்பாங்க. நான் கட்டிக்கிட்டு ஊர்த்தெருவுல நடந்தா என்னான்னு சொல்லுவாங்க? எங்கப்பா மொதமொதல்ல பேண்ட் போட்டப்ப ஏன் போட்டாருன்னு தெரியுமா? பேண்ட்டுல எறக்கி விடறதுக்கு மடிப்பே இல்லடா.'

பேண்ட் என்றால் காலனியத்தின் எச்சம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் பேசியிருக்கிறேன். அது ஒருபக்க உண்மை. மடிப்பில்லாத அந்த உடை ஒரு தலைமுறைக்கு நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்பது என் பாடத்தில் இல்லை. வேட்டியிலிருந்து வெளியேறியவர்கள் எல்லாரும் பண்பாட்டைத் தொலைத்தவர்கள் அல்லர். சிலர் தப்பித்தவர்கள்.

திருப்பூர் ராம்ராஜின் விளம்பரத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வெள்ளை வேட்டி கட்டியவர் நடந்து வருவார். எதிரே வருகிறவர்கள் வரிசையாகச் சல்யூட் அடிப்பார்கள். வேட்டிக்குக் கிடைத்த மரியாதை என்று நாம் மகிழ்கிறோம். சல்யூட் அடிப்பவர்களின் பக்கத்திலிருந்து அந்தப் படத்தைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அந்த நண்பன்தான்.

6

போன ஆடியில் நடந்தது இது. காற்று தாங்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரவள்ளி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். காலனியில் இருக்கும் ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல், சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். சின்ன வயதிலிருந்தே பார்த்த முகம். என்னைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் தன் வேட்டி மடிப்பை இறக்கி விட்டார்.

நான் பேண்ட் போட்டிருந்த இருபது வருடமும் இவர் என் எதிரில் எத்தனையோ முறை வந்திருக்கிறார். ஒருமுறைகூட இறக்கியதில்லை, 'பஸ்ஸு போயிருச்சுங்களா' என்று கேட்டுக்கொண்டே போவார். பேண்ட்டில் அவர் கண்ணுக்கு நான் யாரோ ஒரு படித்த பையன். வெள்ளை வேட்டியில் வேறு யாரோ ஆகிவிட்டேன். தைரியமாக நான் மீட்டெடுத்த உடை, அவர் கையிலிருந்து மறைந்துபோயிருந்த அசைவையும் சேர்த்து மீட்டுக் கொண்டுவந்துவிட்டது.

'எனக்கெதுக்குங்க எறக்கறீங்க?' என்றேன்.

'பழக்கமுங்க' என்றார். குரலில் எதுவும் இல்லை. கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

தைரியம் வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பயத்தை மட்டும் எண்ணாதீர்கள். அவிழ்ந்துவிடுமோ என்ற பயம் இரண்டு மாதத்தில் போகும். வாசல் பற்றிய பயத்துக்குக் கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் சம்பளமும் உதவும். நீங்கள் எதைக் கட்டிக்கொண்டு நடந்தால் எதிரே வருகிறவர் எதை இறக்கி விடுகிறார் என்பதைப் பார்க்காமல், எந்த உடையும் அன்றாட உடையாகிவிடாது. ஒருவரும் காரணம் கேட்காத, ஒருவரும் ஒதுங்காத உடைதான் அன்றாட உடை.

நான் வேட்டியை விட்டுவிடவில்லை. வேலைக்கு இன்னும் அதுதான். ஊருக்குள் நடக்கும்போது மட்டும் அப்பாவின் உடைக்கு மாறியிருக்கிறேன்: குமாரபாளையத்துக் கட்டம் போட்ட கைலி, பட்டப்பகலில். முதல் நாள் அதோடு டீக்கடைக்குப் போவதற்கு வெள்ளை வேட்டிக்கு வேண்டியிருந்ததைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெரியவர் அன்றைக்கும் எதிரே வந்தார். ஒதுங்கவில்லை, மடிப்பை இறக்கவில்லை. சைக்கிளை நிறுத்தி, என் முகத்தையும் கைலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

'ஏனுங்க, மேலுக்கு முடியலீங்களா?'